எட்டு மைல்கற்களும் முடிந்தன. தெரிவுரிமை ஏன் காலாவதியானது?

ஒக்டோபர் 19, வாசகர் கேள்வி

அக்கா, நான் அறிவியல் நகரில் பொறியியல் படித்தவன். கிளிநொச்சியிலிருந்தே ஒரு வெளிநாட்டுச் சிறு நிறுவனத்துக்கு வேலை செய்து வந்தேன். புதைந்திருக்கும் மிதிவெடிகளைத் தரை ஊடுருவும் ராடார் மூலம் காட்டும் கைக்கருவி ஒன்றை அவர்கள் உருவாக்குகிறார்கள். மண் தரவுகளைப் பிரித்து ஒழுங்குபடுத்துவது என் பகுதி. இரகசியம் எதுவும் என் கைக்கு வருவதில்லை. நிறுவனத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அடிப்படைக் காலம் ஒரு வருடம், அதன் பின் இரண்டு தெரிவுரிமைக் காலங்கள், அதாவது அவர்கள் விரும்பினால் நீட்டிக்கக்கூடிய காலங்கள். விலைகூட முன்பே எழுதப்பட்டிருந்தது. மைல்கற்கள் என்று ஒப்பந்தத்தில் குறித்த எட்டு வேலைக் கட்டங்களையும் சொன்ன நாளில் முடித்தோம். எட்டுக்கும் பணம் வந்தது. ஆனால் முதல் தெரிவுரிமையை அவர்கள் எடுக்கவில்லை. செப்டெம்பர் 30 உடன் அது காலாவதியாகிவிட்டது, என் வேலையும் போய்விட்டது. மைல்கல்லை எட்டியவருக்கு அடுத்த கட்டத்தைக் கொடுப்பதுதானே முறை? இது அநீதி இல்லையா?

ஒக்டோபர் 19, இரவு

அநீதி இல்லை தம்பி. வேலை போனது பெரிய அடிதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தம் சொன்னபடி நடந்திருக்கிறது.

தெரிவுரிமை என்பது வாங்குபவரின் ஒருதலை உரிமை. குறித்த நாளுக்குள், குறித்த விலைக்கு, அவர் விரும்பினால் எடுக்கலாம். எடுக்காமல் விட்டால் காரணம் சொல்லும் கடமைகூடப் பெரும்பாலும் அவருக்கு இல்லை. எடுக்கும்போதுதான் அவருக்குச் சுமை. அமெரிக்கக் கூட்டரசுக் கொள்முதல் விதிகளின்படி, தெரிவுரிமையை எடுப்பதற்கு முன் ஒப்பந்த அதிகாரி சில விடயங்களை உறுதிசெய்து கோப்பில் பதிய வேண்டும். பணம் கையில் இருக்கிறதா? அந்தத் தேவை இன்னும் இருக்கிறதா? விலையையும் மற்றவற்றையும் பார்த்தால் இதுதான் அரசுக்கு மிக அனுகூலமான வழியா? ஒப்பந்தக்காரரின் வேலை ஏற்கத்தக்கதாக இருந்ததா?

உங்கள் எட்டு மைல்கற்களும் இவற்றில் கடைசிக் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கின்றன என்று நினைக்கிறேன். மைல்கல் அட்டவணை இருந்தால் அனுப்புங்கள்; பெயர், தொகை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஒக்டோபர் 20

நேற்று எழுதியது சட்டத்தின் பக்கம். எனக்கு இதில் அக்கறை வந்தது வேறு வழியால்.

முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் பணியில் பல வருடங்கள் இருந்தேன். முதலில் டிடெக்டர் பிடித்தேன், பிறகு தரப் பரிசோதனை. ஒருமுறை வெளியிலிருந்து ஒரு குழு புதுக் கருவி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்க வந்தது. அவர்களின் பரிசோதனைப் பாதை அழகாக இருந்தது. சலித்த மண், மட்டமாகத் தட்டிய தரை, அளந்த ஆழத்தில் வெடிமருந்து நீக்கிய மாதிரிகள். கருவி எல்லாவற்றையும் கண்டது. 'கள விளக்கம் நிறைவு' என்ற தாளில் கையெழுத்து விழுந்தது. மறுநாள் அதே கருவியைச் செம்மண்ணும் சரளையும் ஷெல் துண்டும் கலந்த நிலத்துக்குக் கொண்டுபோனபோது ஓயாமல் கத்தியது. ஒரு சதுர மீற்றருக்குள் எத்தனை இடத்தைத் தோண்டுவது? அந்தக் குழுவினரும் நேர்மையானவர்கள்தாம்; இதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அவர்களின் ஒப்பந்தத்தில் அந்த இரண்டாம் நாளுக்கு ஒரு கட்டம்கூட இருக்கவில்லை. முதல் நாளுக்கு இருந்தது, அதில் 'முடிந்தது' என்று போட்டார்கள்.

மைல்கற்களில் இரண்டு சாதி உண்டு என்று அன்றிலிருந்து எனக்கு உறைத்திருக்கிறது. ஒன்று பணம் கொடுப்பதற்கு. மற்றது முடிவெடுப்பதற்கு. அமெரிக்க விதிகளில் செயலடிப்படைக் கொடுப்பனவு என்று ஒரு முறை இருக்கிறது: அளக்கக்கூடிய நிகழ்வு ஒன்று நடந்ததும் பணம், மொத்தத்தில் ஒப்பந்த விலையின் 90 சதவீதத்தைத் தாண்டாமல். அதன் நோக்கம் வேலை செய்பவருக்குக் கைமுதல் வற்றாமல் பார்ப்பது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் 'வடிவமைப்புக் கூட்டம் நடந்தது' என்பதற்குப் பணம் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு இரண்டாம் வருடம் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

ஒக்டோபர் 20, சற்றுப் பிறகு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பாவுக்கு 1975 முதல் 1977 வரை தலைவராக இருந்தவர் ஜோர்ஜ் ஹைல்மையர். எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் அவர் கேட்கும் கேள்விகள் ஒரு பட்டியலாக இன்றும் அங்கே புழங்குகின்றன. என்ன செய்யப் பார்க்கிறீர்கள், இன்று அதை எப்படிச் செய்கிறார்கள், உங்கள் வழியில் புதிது என்ன, யாருக்கு அக்கறை, எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் என்று அது போகும். கடைசியில், வெற்றியை அறிய இடைத் தேர்வு எது, இறுதித் தேர்வு எது என்று கேட்பார். தேர்வு என்றால் தோல்வி அடையவும் முடிய வேண்டும். கூட்டம் நடத்துவதில் யாரும் தோல்வி அடைவதில்லை.

ஒக்டோபர் 22

'தேர்வு முடிவு வரும்வரை தெரிவுரிமையைத் தள்ளிப் போட்டால் போயிற்று, இதில் என்ன பிரச்சினை?' என்று மாங்குளத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தள்ளிப்போட முடியாது அண்ணா. அதற்குத்தான் சார்ஜன்ட் யோர்க் என்ற அமெரிக்கப் பீரங்கி வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

1970களின் இறுதியில் அமெரிக்க இராணுவத்துக்குத் தாங்கிகளோடு கூடவே ஓடும் விமான எதிர்ப்புப் பீரங்கி தேவைப்பட்டது. பழைய எம்48 தாங்கியின் அடித்தளத்தில் இரட்டை 40 மில்லிமீற்றர் போஃபர்ஸ் பீரங்கிகள், எஃப்-16 போர் விமானத்தின் ராடாரிலிருந்து தழுவிய ராடார். இருக்கும் பாகங்களைச் சேர்ப்பதுதானே, விரைவாக முடிந்துவிடும் என்று எண்ணினார்கள். இரு நிறுவனங்களின் முன்மாதிரிகளைப் போட்டியிட வைத்து 1981 இல் ஃபோர்ட் ஏரோஸ்பேஸைத் தேர்ந்தார்கள். மொத்தம் 618 வண்டிகள் வாங்கும் திட்டம். அதில் 276 வண்டிகள் வரை முன்பே விலை பேசிய உற்பத்தித் தெரிவுரிமைகளாக ஒப்பந்தத்தில் இருந்தன.

வாங்குபவருக்கு இது நல்ல பேரம்போலத் தெரியும். நிலையான விலை, கேட்ட நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விலைகளுக்கு நாள் குறித்திருந்தது. நாளைத் தவறவிட்டால் விலையை மறுபடி பேச வேண்டும். பரிசோதனைகளோ அந்த நாட்காட்டிக்கு ஏற்ப முடியவில்லை. 1982 பெப்ரவரியில் விருந்தினர்களை அழைத்துக் காட்டியபோது பீரங்கி பார்வையாளர் மேடையை நோக்கித் திரும்பியது என்றும், மேடையில் இருந்தவர்கள் விழுந்தடித்து ஒதுங்கினார்கள் என்றும் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே வருடம் முதல் உற்பத்தித் தெரிவுரிமை எடுக்கப்பட்டது.

பிறகு நடந்த பரிசோதனைகளில் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இன்னொரு பக்கம் தேவையே நகர்ந்துவிட்டது: அந்தப் பீரங்கி எட்டாத தூரத்திலிருந்து சுடும் ஏவுகணைகளோடு சோவியத் ஹெலிகொப்டர்கள் வந்துவிட்டன. 1985 ஓகஸ்ட் 27 அன்று பாதுகாப்புச் செயலாளர் காஸ்பர் வைன்பெர்கர் திட்டத்தை நிறுத்தினார். அதற்குள் சுமார் 50 வண்டிகள் கட்டப்பட்டு, 1.8 பில்லியன் டொலர் வரை செலவாகியிருந்தது.

அந்தப் பொறியியலாளர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தெரிவுரிமையின் நாள் முன்னால் நின்றது, சான்று பின்னால் வந்தது. இந்த வரிசையை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே சரிசெய்யலாம். கையெழுத்துக்குப் பின் சரிசெய்வது மிகக் கடினம்.

ஒக்டோபர் 23

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். நாங்கள் பட்டது போதாதா, வன்னியில் உட்கார்ந்து ஆயுதம் வாங்கும் கலையையா பேசுகிறீர்கள் என்று. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதனால் நீட்டியே பதில் எழுதுகிறேன்.

நான் பிடித்த டிடெக்டரின் வரலாறு இராணுவ ஆய்வகத்தில்தான் தொடங்குகிறது. ராடாரையும் உலோகங்காணியையும் ஒரே கைக்கருவியில் சேர்த்த ஏஎன்/பிஎஸ்எஸ்-14 அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. பிறகு கம்போடியாவிலும் அங்கோலாவிலும் மனிதாபிமான அகற்றல் பணிக்குப் போனது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குள்ளேயே மனிதாபிமான மிதிவெடி அகற்றலுக்கென்று தனி ஆய்வுத் திட்டம் 1995 முதல் இயங்குகிறது. இந்தப் பணமெல்லாம் இதே மாதிரி ஒப்பந்தங்கள் வழியாகத்தான் ஓடுகிறது: அடிப்படைக் காலம், தெரிவுரிமை, மைல்கல்.

எங்கள் நிலத்தில் கிடைப்பவை பி4, ரைப் 72, ஜொனி 95, ரங்கன் 99 போன்ற மிதிவெடி வகைகள். முதலிரண்டில் உலோகம் மிகக் குறைவு. ஜொனி மரப்பெட்டியில் செய்தது. இலங்கை 2017 டிசெம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1 க்குள் நிலம் துப்புரவாக வேண்டும். இன்னும் பல இடங்களில் ரேக்கால் மண்ணை வாரி வாரித்தான் பெண்பிள்ளைகள் முன்னேறுகிறார்கள். மெதுவான முறை, ஆனால் நம்பலாம். அதைவிட வேகமான கருவி ஒன்று ஏதோ ஒரு ஒப்பந்தத்தின் முதல் வருடத்தில் நல்லது என்று நிரூபணமாகாமல் நின்றுபோனால் அது எங்கள் இழப்பு. நல்லதில்லாத கருவி ஒன்று தாளில் தேறிவிட்டால் அது எங்கள் கால். அதனால்தான் இந்தப் பேச்சு.

ஒக்டோபர் 26

தம்பியின் அட்டவணை வந்தது. சொன்னபடி பெயர்களை மறைத்திருக்கிறார். எட்டையும் படித்தேன்.

ஆரம்பக் கூட்டம். தேவைகள் ஆவணம். முதல் வடிவமைப்பு மீளாய்வு. மண் தரவுத் தொகுப்பு கையளிப்பு. இடைக்கால அறிக்கை. முன்மாதிரி கட்டி முடித்தல். ஆய்வகப் பரிசோதனை. இறுதி அறிக்கை.

எழுதியவர் சோம்பேறி இல்லை. இது பெரும்பாலான சிறு ஒப்பந்தங்களில் இருக்கும் அட்டவணைதான். ஆனால் எட்டில் ஐந்து கூட்டமும் தாளும். முன்மாதிரி 'கட்டி முடித்தல்' என்றுதான் இருக்கிறது, எதைச் செய்யக்கூடிய முன்மாதிரி என்று இல்லை. கருவி ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டிய இடம் ஏழாவது மட்டும், அதுவும் ஆய்வகத்துக்குள்.

தொழில்நுட்பத் தயார்நிலையை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிடும் அளவுகோல் நாசாவில் பிறந்து பாதுகாப்புத் துறைக்கு வந்தது. நான்காம் படி ஆய்வகம். ஆறாம் படி, பொருத்தமான சூழலில் முன்மாதிரி. ஏழு, உண்மையான இயக்கச் சூழல். பெரிய ஆயுதத் திட்டங்கள் முழு உருவாக்கக் கட்டத்துக்குள் நுழைய ஆறாம் படி வேண்டும் என்பது அங்கே நெடுங்காலம் சட்டத்திலேயே இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஏழு வேண்டும் என்று நெடுங்காலமாக வற்புறுத்துகிறது. உங்கள் ஒப்பந்தம் சின்னது, அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இந்த எண்களை மனதில் வைத்துத்தான் படிக்கிறார். உங்கள் தெரிவுரிமை 'களப் பரிசோதனை' என்று தொடங்குகிறது. களத்துக்குப் போகத் தகுதியானதா என்று அவர் தேடியிருப்பார். அட்டவணையில் விடை இல்லை.

இன்னொன்று. ஏழாவது மைல்கல் ஓகஸ்ட் கடைசியில் முடிந்திருக்கிறது. தெரிவுரிமைக்கான முன்னறிவித்தல் 60 நாளுக்கு முன் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதாவது ஓகஸ்ட் முதலாம் திகதியளவில் அவர் அறிவித்தல் அனுப்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு உண்மையான பரிசோதனை, முடிவெடுக்கும் நாள் கடந்த பிறகு நடந்திருக்கிறது.

ஒக்டோபர் 26, இரவு

அட்டவணை மட்டுமே காரணம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்க நிதியாண்டு ஒக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் நிறைவேறாத வருடங்களில் இடைக்கால ஏற்பாட்டில் ஓட்டுவார்கள், அப்போது பணம் இறுகும். செப்டெம்பர் 30 இல் முடியும் தெரிவுரிமை அந்த விளிம்பிலேயே நிற்கிறது. கருவி மிக நன்றாக இருந்தும் பணம் இல்லாமல் நின்ற திட்டங்கள் உண்டு. உங்கள் விடயத்தில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நிறுவனத்தவர் ஒப்பந்த அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்கலாம். பலர் வாய்மொழியாகவாவது சொல்வார்கள்.

ஒக்டோபர் 27

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கும்போது, வாய்க்கால் துப்புரவு செய்த கூலிக் கணக்கை யாரும் கேட்பதில்லை என்கிறார். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பதுதான் கேள்வி. முழுக் கொள்ளளவு 36 அடி. அதற்குக் கீழே எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து ஏக்கர் கூடும் குறையும். வாய்க்கால் வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். விதைக்கலாமா என்பதற்கு அந்தக் கூலிச் சிட்டை விடை ஆகாது.

ஐயா சொன்னதில் இன்னொரு நயம்: முடிவு 'ஆம்', 'இல்லை' என்று இரண்டில் ஒன்றாக இல்லை. ஏக்கர் குறையலாம். ஒப்பந்தத்திலும் அப்படி எழுத முடியும். ஒரு பெரிய தெரிவுரிமைக்குப் பதில் இரண்டு சிறியவை. முதலாவது, மூன்று மாதம், ஒரே ஒரு களப் பரிசோதனை. அது தேறினால் இரண்டாவது. வாங்குபவருக்கு ஆபத்து குறைவு, குழுவும் கலையாமல் இருக்கும்.

ஒக்டோபர் 30

இரண்டு நாளாக ஒரு நெருடல். மைல்கல்லை எண்ணில் எழுதுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் எதையாவது எண்ணி எழுதத் தொடங்கிவிடுவார்கள். எண்ணும் ஏமாற்றும்.

எங்கள் பணியில் நெடுங்காலம் முன்னேற்றம் என்றால் சதுர மீற்றர். மாதத்துக்கு இத்தனை சதுர மீற்றர் துப்புரவு. கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் அதுதான் முதல் வரி. அப்படி அளந்தால், வெடி இருக்கச் சாத்தியமே குறைந்த திறந்த வெளியில் வேகம் காட்டலாம். பதுங்குகுழி வரிசையை ஒட்டிய கெட்ட நிலத்தில் ஒரு வாரம் உழைத்தும் சிறு துண்டுதான் முன்னேறலாம். எண் பெரிதாக இருக்கும் இடத்தில் ஆபத்து குறைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. 2009 இல் சர்வதேசத் தரநிலைகளில் நில விடுவிப்புக்கென்று தனித் தரநிலை வந்தபோது இந்தச் சிக்கலுக்கு முகம் கொடுத்தார்கள்: எங்கே ஆபத்து இருக்கிறது, எங்கே இல்லை என்பதற்குச் சான்று சேர்த்து, சான்று போதுமான நிலத்தை முழுதாகத் தோண்டாமலே விடுவிப்பது. அளவுகோல் மாறியதும் வேலையின் முகமும் மாறியது.

கருவியை மட்டும் அளப்பதும் இதே பொறிதான். பிஎஸ்எஸ்-14 கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கார்னகி மெலன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் ஸ்டஷெவ்ஸ்கி, மிகத் திறமையான அகற்றுநர்கள் டிடெக்டரை எப்படி அசைக்கிறார்கள், ஒலி மாறும் விளிம்பை எப்படி மனதில் வரைகிறார்கள் என்று கூர்ந்து பார்த்து, அந்த முறையைப் பயிற்சியாக்கினார். அந்தப் பயிற்சி பெற்ற படையினரின் கண்டுபிடிப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. பழைய உலோகங்காணியிலும் உயர்ந்தது, புதியதிலும் உயர்ந்தது. பொறியியலாளர் பிடித்தால் தேறும், பயிற்சி இல்லாதவர் பிடித்தால் தோற்கும் கருவிக்கு, எந்தக் கை பிடித்தது என்று மைல்கல் சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயன் இல்லை. எங்கள் பிள்ளைகளின் காதில் இருந்த நுட்பம் எனக்குத் தெரியும். பரந்தனில் என்னோடு வேலை செய்த ஓர் அக்கா ஒலியைக் கேட்டே ஆணியா, துண்டா என்று சொல்வார். அவர் ஊகத்தை நம்பி யாரும் கவனத்தைத் தளர்த்தியதில்லை, ஆனால் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒக்டோபர் 31

எல்லாம் தோல்விக் கதையாக இருக்கிறதே, தெரிவுரிமை நன்றாக வேலை செய்த இடமே இல்லையா என்று வவுனியாவிலிருந்து ஒரு தங்கை.

இருக்கிறது. கடல் கடந்தால் தமிழ்நாட்டிலேயே நிற்கிறது. இந்தியக் கடற்படை 2009 இல் போயிங்கிடம் எட்டு பி-8ஐ கண்காணிப்பு விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது, 2.1 பில்லியன் டொலர். 2013 முதல் அவை அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளித் தளத்துக்கு வந்து சேர்ந்தன. எட்டும் வந்து, பறந்து, கடலில் வேலை செய்வதைப் பார்த்த பிறகு, 2016 இல் மேலும் நான்கை அதே ஒப்பந்தத்தின் தெரிவுரிமையின் கீழ் வாங்கினார்கள். அங்கே மைல்கல் அட்டவணையே தேவைப்படவில்லை, விமானமே சான்று. ஏற்கெனவே உருவான பொருளை வாங்கும்போது இந்த வசதி கிடைக்கும். உருவாகிக்கொண்டிருக்கும் பொருளில் கிடைக்காது, அதனால்தான் அங்கே மைல்கல்லின் வாசகத்தில் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

நவம்பர் 2

தம்பி முன்பு வேலை செய்த நிறுவனம் இன்னொரு அழைப்புக்கு விண்ணப்பம் எழுதுகிறது என்றும், மண் பகுதியை எழுதும் பொறுப்பு அவருக்கே வந்திருக்கிறது என்றும் சொல்கிறார். மிகவும் சந்தோசம். மைல்கல் வாசகங்களை எப்படி எழுதுவது என்று கேட்டார். நான் இருந்தால் இப்படித்தான் தொடங்குவேன்.

முதலில் மைல்கல்லைத் தொடாதீர்கள். தெரிவுரிமையை எடுப்பவர் தன் மேலதிகாரிக்கு எழுத வேண்டிய ஒற்றை வரியை நீங்கள் எழுதிப் பாருங்கள். 'இந்தக் கருவியைக் களத்துக்கு அனுப்பலாம், ஏனெனில்...' அந்த 'ஏனெனில்' க்குப் பின்னால் வருவதுதான் உங்கள் நடு மைல்கல். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

'ஆய்வகப் பரிசோதனை நிறைவு' என்ற இடத்தில் இதுபோல ஒன்று: சரளை கலந்த செம்மண்ணிலும் கடற்கரை மணலிலும், 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை, உலோகம் குறைந்த மாதிரிகளை, குறித்த நாட்கள் மட்டும் பயிற்சி பெற்ற இயக்குநர், எங்கே புதைத்தது என்று அறியாமல் தேடுவார், எத்தனையைக் காண வேண்டும், ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை பொய் எச்சரிக்கை வரை பொறுக்கலாம் என்பவற்றை இரு தரப்பும் முன்பே எழுதி ஒப்பமிடும், வாங்குபவரின் ஆள் நேரில் நிற்பார். எண்களை நீங்களே தனியாகப் போடாதீர்கள். இன்று களத்தில் இருக்கும் டிடெக்டரும் ரேக்கும் செய்வதோடு ஒப்பிட்டு, அவர்களோடு பேசிப் போடுங்கள். செம்மண்ணுக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் அந்த நிறுவனத்தில் நீங்கள்தான். ஈர மண்ணில் ராடார் அலை எவ்வளவு தேயும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் மட்டும் பரிசோதித்துவிட்டு மாரியைப் பற்றிப் பேசாமல் விடாதீர்கள்.

இந்தப் பரிசோதனை, முன்னறிவித்தல் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடியும்படி நாட்காட்டியை வையுங்கள். அறிக்கை எழுதவும், அவர் படிக்கவும், ஒரு தடவை மீண்டும் செய்து பார்க்கவும் நேரம் வேண்டும்.

பணத்துக்கான மைல்கற்களை வெட்டிவிடாதீர்கள். கூட்டமும் அறிக்கையும் இருக்கட்டும், அவற்றில்தான் சம்பளம் வரும். பரிசோதனையில் தோற்றால் பணமே இல்லை என்று எழுதினால் யாரும் கடினமான மண்ணைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். பரிசோதனையை ஒழுங்காக நடத்திப் பெறுபேற்றை உள்ளபடி கொடுத்தால் பணம். பெறுபேறு நன்றாக இருந்தால் தெரிவுரிமை. இரண்டையும் வெவ்வேறு வரியில் எழுதுங்கள். நீண்ட நாளாக நான் மனதில் வைத்திருக்கும் வேண்டுகோள் இதுதான்.

நவம்பர் 3

இரண்டு தனிச் செய்திகளுக்குப் பொதுவில் பதில்.

முதலாவது, எஸ்பிஐஆர் திட்டத்தில் தெரிவுரிமை உண்டா என்பது. சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு அமெரிக்க அரசு பணம் கொடுக்கும் இந்தத் திட்டம் 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. முதற்கட்டம் சாத்தியம் பார்ப்பது, இரண்டாம் கட்டம் முன்மாதிரி. அமெரிக்கக் கடற்படை முதற்கட்டத்தோடேயே ஒரு சிறு தெரிவுரிமையைச் சேர்த்து வைத்து வந்திருக்கிறது. இரண்டாம் கட்டம் முடிவாகும்வரை இடைவெளியில் குழு கலையாமல் இருக்க அது உதவும். தம்பியின் வேலை போனது இப்படியான இடைவெளியில்தான். அப்படி ஒரு பாலம் இருக்கிறதா என்று எந்த அழைப்பையும் படிக்கும்போது முதலில் பாருங்கள்.

இரண்டாவது: முன்னறிவித்தல் கடிதம் வந்துவிட்டால் தெரிவுரிமை உறுதியா? இல்லை. அந்தக் கடிதம் அரசைக் கட்டுப்படுத்தாது என்று வழக்கமான வாசகத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத் திருத்தம் கையெழுத்தாகி வரும்வரை புதிதாக ஆள் எடுக்காதீர்கள், வாடகைக்குக் கட்டடம் பார்க்காதீர்கள்.

நவம்பர் 5

தம்பி வரைவை அனுப்பியிருந்தார். ஏழு மைல்கற்கள், அதில் மூன்றாவதும் ஐந்தாவதும் பரிசோதனை, ஐந்தாவது ஈர மண்ணில். மூன்றாவதில் 'வாங்குபவர் திருப்தியடையும் வகையில்' என்று ஒரு சொற்றொடர் இருந்தது. அதை எடுத்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லியிருக்கிறேன். மற்றபடி அனுப்பலாம்.